ரெண்டும் ஓடுற பொட்டி

“…மேல வந்து சேராம கைய எடுக்கற பழக்கம் எங்கிட்ட கெடையாது மச்சான். நீ சும்மா குந்து” என்றார் மாமா. அவருடைய ஆட்காட்டி விரல் அந்தப் பொட்டியின் பொத்தான் ஒன்றை அழுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே கேசட் பின்னால் சுற்றுகிற சத்தம், ஆடி மாசக் காற்று மாதிரி ஏறிக்கொண்டே போனது.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அந்த வீடியோ கேசட்டில் இருந்தது அவர்களுடைய கல்யாணம். அதற்கு இன்னொரு பிரதி உலகத்தில் கிடையாது. பழைய கேசட்டை ரீவைண்ட் போட்டால் அறுந்துவிடும் என்று ரிப்பேர்க்காரர் என்னிடம் ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லியிருந்தார். நடுவில் கரண்ட்டைப் பிடுங்கினால் பொட்டி அதைக் கடித்துக்கொள்ளும் என்றும் சொல்லியிருந்தார். ஆக, பிளக்கையும் பிடுங்க முடியாது, நிறுத்துகிற பொத்தானை மறைத்துக்கொண்டிருந்த மாமா கையையும் பிடுங்க முடியாது. ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குத் தெரிந்தது.

அங்கே வந்து எப்படி நின்றோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மாமா தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஆட்களை ஏற்றிய கேஜை, அந்த இரும்புக் கூண்டை, ஷாஃப்டுக் குழிக்குள் கயிற்றில் இறக்கி ஏற்றுகிற இன்ஜின் அவர் கையில். கேஜில் இருக்கிறவன் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் அவனுக்குத் தெரியாது. நடுவில் மணி ஒன்றுதான் பேச்சு. மூணு தடவை மணி அடித்தால் ஆள் ஏறுகிறார்கள், பதமாக ஓட்டணும். ஓடும்போது ஒரே ஒரு தடவை அடித்தால் நிறுத்து. ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. “மணிக்கு மறுபேச்சு பேசினவன் நல்ல டிரைவர் இல்ல” என்பார்.

இதை அக்கா கல்யாணமான முதல் வருஷமே கற்றுக்கொண்டாள். மாமாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வந்த விருந்தாளியைக் கிளம்பவிடாமல் பேசுவார். அக்கா சமையல்கட்டிலிருந்து டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள், டங் என்று. மாமா சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியிலேயே விழுங்கிவிடுவார். மூணு தட்டு என்றால் சோறு ரெடி, ஆள் ஏறலாம். எங்கள் சொந்தக்காரர்கள் இதை வைத்து அவரைக் கேலி பண்ணாத நாள் இல்லை. “ஷாஃப்ட்ல ஆயிரம் அடிக் கயிறு, வீட்ல ஒரு முழக் கயிறு, ரெண்டுத்துக்கும் கட்டுப்பட்டவன்டா வைண்டரு” என்று என் சித்தப்பா ஒருத்தர் சொல்லுவார். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

சுரங்கம் மூடின பிறகும் அந்த வீட்டில் மணி மூடவில்லை. இந்த இரண்டு வருஷமாகத்தான் சத்தம் நின்றிருக்கிறது. மாமாவுக்கு மறதி வந்துவிட்டது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தேதியை, பிறகு வீட்டுக்கு வருகிற வழியை. போன தீபாவளிக்கு அக்காவை மறந்தார்.

வேடிக்கை என்னவென்றால் என்னை மறக்கவில்லை. எனக்கு இருபத்தைந்து வயசிலேயே தலை வழுக்கை. “உங்கிட்ட மாறறதுக்கு இன்னாடா கீது, அதான் ஒன்னத் தெரியுது” என்று அக்கா சொல்லுவாள். நான் பெங்களூரில் ஒரு கம்பெனி குடோனில் வேலை பார்க்கிறேன், தினமும் ரயிலில் போய் வருகிற ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரிலேயே பாலகாட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் அப்பா வீட்டிலிருந்து கிளம்பி அக்கா வீட்டுக்குப் போவேன். வாசலிலேயே மாமா பிடித்துக்கொள்வார்.

“இன்னா மச்சான், அக்காவ எப்ப அனுப்பப் போறீங்க? ஒரு வாரம்னு பாலகாட்டுக்குப் போனவ. இந்தம்மா நல்லவங்கதான், சோறு ஆக்கிப் போடறாங்க, துணி தோச்சுப் போடறாங்க. அதுக்குன்னு ஊரான் வீட்டுப் பொம்பளைய எத்தினி நாளு வேல வாங்கறது?”

இதை அக்கா முன்னாடியே கேட்பார். அக்கா கையில் தோசைக் கரண்டியோடு நிற்பாள். தட்டை அவர் முன்னால் வைத்தால் “நீங்க சாப்ட்டீங்களாம்மா?” என்று மரியாதையாக விசாரிப்பார். நாற்பது வருஷம் ‘ஏமே’ என்று கூப்பிட்ட மனுஷர். அவர் திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள்.

டாக்டர் பழைய பாட்டு, பழைய படம் எல்லாம் காட்டச் சொன்னார். கல்யாண ஆல்பத்தைக் காட்டினோம். மாமா படத்திலிருந்த மணப்பெண்ணைத் தொட்டு, “இவதான், இவதான்” என்றார். பிறகு ஆல்பத்தை அக்காவிடம் நீட்டி, “பாருங்கம்மா, எங்க வீட்ல” என்றார்.

அன்றைக்கு அக்கா பீரோவின் அடியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்தாள். அந்துருண்டை வாசனை. வீடியோ வந்த புதிதில், ராபர்ட்சன்பேட்டை கல்யாண மண்டபத்தில், கண் கூசுகிற விளக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்தது. எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் முதல் கல்யாணக் கேசட் அதுதான்.

“போட்டோல மொகந்தான்டா கீது” என்றாள். “மொகம் மாறிப்போச்சு. இதுல நா நடக்கறேன், பேசறேன். நடையும் கொரலும் மாறலடா. அதப் பாத்துட்டு அப்டியே திரும்பி என்னப் பாத்தாருன்னா தெரிஞ்சிடும். ஒரு தபா தெரிஞ்சா போதும். நா பாலகாட்டுக்குப் போவலன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும்.”

அந்தக் கேசட்டை ஓட்டுகிற டெக்கு தேடக் கிளம்பினேன்.

ரயிலில் கூட வருகிறவர்கள், பெங்களூரில் கேசட்டைக் கொடுத்தால் போனில் பார்க்கிற மாதிரி மாற்றித் தருவார்கள் என்றார்கள். அக்காவிடம் சொன்னேன்.

“உட்டுட்டு வரணுமா?”

“பத்து நாள்.”

“ஒன்ன வேணா பத்து நாளு உட்டுட்டு வரேன். அத உட மாட்டேன்.”

சரி, டெக்குதான். ஆனால் வெறும் டெக்கு போதாது. மாமாவுக்குப் பாட்டு சி.டி. ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த மிஷினும் படுத்துவிட்டது. இரண்டு மிஷின் வாங்கினால் இரண்டு ரிமோட். ஏற்கெனவே மாமா சோப்பு டப்பாவை நீட்டி டி.வி. சேனல் மாற்றப் பார்க்கிற நிலைமை. அதனால் கேசட்டும் சி.டி.யும் ஒன்றாக ஓடுகிற பொட்டி வேண்டும். மாடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு என்று நானும் சுலபமாக நினைத்துவிட்டேன்.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் எனக்குத் தெரிந்த ரிப்பேர்க்காரர் ஒருவர் இருக்கிறார். மிக்ஸி, ஃபேன், டி.வி. எல்லாம் பார்ப்பார். கேட்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“காம்போ டெக்கா? இன்னா சார், எந்த ஷிஃப்ட்ல தூங்கி எந்த ஷிஃப்ட்ல எழுந்தீங்க? அது செய்யறதையே நிறுத்திட்டாங்க. பழசு கெடச்சாத்தான் உண்டு. அதுலயும் ஒண்ணு சொல்றேன். ரெண்டும் ஒரே பொட்டில கீறது கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒருத்தருக்குச் சீக்கு வந்தா வீடே படுத்துக்கும்.”

“கெடைக்குமா கெடைக்காதா?”

“கெடைக்கும். ஓடுமான்னு கேளுங்க.”

போனில் தேடினேன். ஒன்று அகப்பட்டது. படத்தில் பளபளவென்று இருந்தது. விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே. ரிப்பேர்க்காரர் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, “அமெரிக்கா கரண்ட்டுல ஓடறது சார் இது. நம்ம கரண்ட்ல சொருகினா அடுப்பு இல்லாமயே புகை வரும்” என்றார். நான் அதை வாங்கியிருப்பேன். எனக்கு அதெல்லாம் தெரியுமா? பளபளப்புதான் தெரிந்தது.

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவோரம் பழைய சாமான் விற்கிற சந்தைக்குப் போனேன். கால் போன செருப்பு, கண் போன பொம்மை, அதற்கு நடுவில் ஒரு காம்போ டெக்கு. விலையும் கட்டுப்படியாகிற விலை. விற்கிறவர் ஒரு பழைய டி.வி.யில் சொருகி சி.டி. போட்டுக் காட்டினார். நன்றாக ஓடியது.

“கேசட்டு?”

“அதுவும் ஓடும் சார்.”

“காட்டுங்க.”

“கேசட்டுக்கு நான் எங்க போறது? நீங்க கொண்டாந்து போட்டுப் பாருங்க.”

அங்கேதான் எனக்கு விஷயம் உறைத்தது. மிஷின் நல்லதா என்று பார்க்கக் கேசட் வேண்டும். என்னிடம் இருக்கிறது ஒரே கேசட். அதைப் போட்டுப் பார்த்து மிஷின் கெட்டது என்று தெரிந்தால், அதற்குப் பிறகு மிஷின் எதற்கு? அந்தப் பொட்டியின் கேசட் வாயை விரலால் திறந்து பார்த்தேன். உள்ளே இருட்டு. பல் இருக்கிறதா, கடிக்குமா என்று வாயைப் பார்த்துச் சொல்கிற அளவுக்கு நான் மாட்டு வியாபாரி இல்லை. வைத்துவிட்டு வந்துவிட்டேன். ரயிலில் வரும்போது விட்டது தப்போ என்று அடித்துக்கொண்டது. வாங்கியிருந்தாலும் அடித்துக்கொண்டிருக்கும்.

இப்படி இரண்டு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா கேட்பாள், “கெடச்சுதா?” மாமா கேட்பார், “அனுப்பறீங்களா?” இரண்டு பேருக்கும் அடுத்த வாரம் என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பேன்.

கடைசியில் ரிப்பேர்க்காரரே கூப்பிட்டார். துபாயில் வேலை பார்த்துத் திரும்பின குடும்பம் ஒன்று வீட்டைக் காலி பண்ணுகிறதாம். ஒரு காம்போ டெக்கு, இத்தனை வருஷம் ஷோகேசில் பூச்சாடிக்குப் பீடமாக இருந்திருக்கிறது. நம் கரண்ட்டுக்குச் சரிப்படுகிறது. ரிமோட் இல்லை. மேலே பூச்சாடி வட்டம் ஒன்று அழியாமல் பதிந்திருக்கிறது. நான் கேட்ட விலைக்கே கொடுத்தார்கள். ரிப்பேர்க்காரர் பெல்ட் மாற்றி, ஸ்பிரிட் போட்டு ஹெட்டைத் துடைத்து வைத்தார். “ஓட்டச் சட்டியானாலும் கொழுக்கட்ட வெந்தா சரி. ஆனா வேவுதான்னு பாக்க ஒரு கொழுக்கட்ட வேணுமே சார். பழைய கேசட் ஏதாவது கொண்டாங்க.”

அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு கேசட் இருந்தது. அவளுடைய மஞ்சள் நீராட்டு. இப்போது அவள் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. அக்கா போய்க் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“சோதனை பண்ண என் மஞ்ச நீராட்டுதான் கெடச்சுதாக்கா? உங்க கல்யாணம்னா தங்கம், என்னுது இன்னா தகரமா?”

“இல்லடி, அது வந்து…”

“அறுந்தா அறுந்துட்டுப் போவுது, எடுத்துக்கோங்க. அந்த மாமா எங்கப்பாவ எத்தினி வருஷம் பத்திரமா மேல கொண்டாந்து உட்டுருக்காரு.”

கேசட்டைக் கொடுத்துவிட்டு அவளும் கூடவே கடைக்கு வந்தாள். ரிப்பேர்க்காரர் கேசட்டைப் போட்டார். முதலில் திரையில் புள்ளி மழை. பிறகு ஒரு கோடு. பிறகு சடை தைத்து, தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னப் பெண். கடை வாசலில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் திரைக்குக் கிட்டே போய்க் குனிந்தாள். பிறகு, “ஐயோ, எங்கத்த” என்று திரையில் ஆரத்தி சுற்றுகிறவளைக் காட்டினாள். “எவ்ளோ வேகமா நடக்குது பாருங்க. கால் போறதுக்கு முன்னாடி.” முழுசும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

கேசட் அறுபடவில்லை. அக்கா வீட்டு டி.வி. புதுசு என்பதால் ரிப்பேர்க்காரர் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் சேர்க்க ஒரு சின்ன டப்பாவும் கொடுத்தார். கொடுத்துவிட்டுத்தான் அந்த எச்சரிக்கை.

“ஒங்க கேசட்டு வருஷக்கணக்கா ஒரே எடத்துல சுருண்டு கெடந்தது. ஒட்டிக்கினு இருக்கும். எங்க நின்னுச்சோ அங்கேருந்து பிளே போடுங்க. ரீவைண்ட் மட்டும் போடாதீங்க. வேகமா இழுத்தா போயிடும்.”

இதை நான் அக்காவிடம் சொன்னேன். மாமாவிடம் சொல்லவில்லை. அவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நாங்கள் பண்ணின தப்பு அதுதான். அவர் ஒன்றும் செய்யப்போவதில்லை, உட்கார்ந்து பார்க்கப்போகிறவர் என்று நினைத்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் புடவை நைந்துவிட்டது. அதே அரக்கு நிறத்தில் ஒரு புடவை கட்டியிருந்தாள். டி.வி.க்குப் பக்கத்தில், அவர் திரும்பினால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தேன்.

“கேசட்ட அவரு கையாலயே போடட்டும்டா” என்றாள்.

மாமாவைப் பொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தோம். அவருக்குக் காபி கொடுத்திருந்த டம்ளரை அக்கா எடுத்துக்கொண்டாள். நான் டி.வி. ரிமோட்டை வைத்துக்கொண்டு எந்த வழியில் படம் வரும் என்று தேடிக்கொண்டிருந்தேன். மாமா கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் கண்ணாடி வழியாக, கறுப்பு நாடா பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகச் சுற்றி நிற்பது தெரிந்தது. கடைசியாகப் பார்த்த யாரோ பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

“இன்னா மச்சான் இது?” குரல் மாறிவிட்டது. “கேஜு நடு லெவல்ல நிக்குது. ஆளுங்க உள்ள கீறாங்க. இப்டியே உட்டுட்டு எல்லாரும் போயிட்டீங்களா?”

“மாமா, அது கேசட்டு. கல்யாண…”

“எத்தினி நாளா நிக்குது?”

நான் பதில் தேடுவதற்குள் கேசட் உள்ளே போய்விட்டது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிற விரல், தேடாமல் போய்ச் சரியான பொத்தானில் உட்கார்ந்தது. முதுகு நிமிர்ந்தது. கேசட் பின்னால் சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு நடுவில் கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு.

“மாமா, உடுங்க. அறுந்துடும்.”

“அறுந்தா என் தலை மச்சான். என் கையில கயிறு அறுந்தது கெடையாது.”

“சொன்னா கேளுங்க மாமா, அத மேல கொண்டாற வேணாம். அங்கயே நிறுத்தலாம்.”

“நடுவுல நிறுத்திட்டு சோறு திங்கப் போவ சொல்றியா? மேல வந்து சேராம கைய எடுக்கற பழக்கம் எங்கிட்ட கெடையாது மச்சான். நீ சும்மா குந்து.”

நான் குந்தவில்லை. நிற்கவும் தெரியவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். பேசித்தான் என்ன? வீட்டு வேலைக்கு வந்த அம்மா சொல்வதை எந்த வைண்டிங் டிரைவர் கேட்பார்? உள்ளே கிறீச் சத்தம் இன்னொரு தடவை, முன்னைவிட நீளமாக வந்தது.

அக்கா கையில் காலி டம்ளர் இருந்தது. இரண்டு எட்டில் அடுக்களை மேடைக்குப் போய்க் கரண்டி ஒன்றை எடுத்தாள்.

டங்.

ஒரே ஒரு தட்டு.

மாமாவின் விரல் நிறுத்துகிற பொத்தானுக்குத் தாவி அழுத்தியது. சத்தம் அடங்கியது. கையை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். டி.வி. பக்கம் திரும்பவில்லை, என் பக்கமும் திரும்பவில்லை. மணி வந்த திசைக்குத் திரும்பி, அக்காவின் கையில் இருந்த டம்ளரையும் பிறகு அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டு, அடுத்த மணிக்காக அசையாமல் காத்திருந்தார்.